லார்ன், அறுநூற்றுப் பதினான்காம் மைல்

பெயர் வைத்தவன் இங்கே இறங்கவே இல்லை.
சிகாகோவில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு வரைபடம்.
எஞ்சினுக்குத் தாகமெடுக்கும் இடங்களிலெல்லாம்
பென்சிலால் ஒரு புள்ளி.
ஆங்கில அகரவரிசையில் வந்துகொண்டே இருந்தான்,
பன்னிரண்டாம் புள்ளிக்கு 'எல்' விழுந்தது.
அயர்லாந்தில் ஏதோ துறைமுகத்தின் பெயராம், லார்ன்.

கப்பல் வராத துறை.

கடல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.
தெற்கே வெள்ளையாய்க் கிடக்கிறதே, அது ஏரி.
பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் வற்றியது,
உப்பை மட்டும் இன்னும் விடவில்லை.
உச்சிவெயிலில் மறுபடி நிரம்பும், அலைகூட அடிக்கும்.
கிட்டே போனால்
கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல்
நழுவிப் பின்னால் போய்விடும்.

மேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.
மேற்கு மலையில் ஏறும்போதே அதன் மடி வற்றிவிடுகிறது.
இந்தப் பக்கம் இறங்குவது வெறுங்காற்று.

நான் சிக்னல் பார்க்கிறவன்.
மாதம் இரண்டு முறை, தண்டவாளத்தில் ஓடும் லாரியில்,
லெவியோடு வருவேன். லெவி செமஹ்வேவி.
இந்த இடத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்றேன்.
நடந்து வந்தால்தான் அது வாயில் வரும் என்றான்.
மறுபடி நான் கேட்கவில்லை.

பழைய பதிவேடு ஒன்று கருவிப்பெட்டிக்குள் அகப்பட்டது,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு.
மேஸ்திரி: ஓரின் ஹேக்.
கூலிகள்: ஆறு மெக்சிகன்.
அவ்வளவுதான், ஆறு.
பெயர் வேண்டியிருந்தது தண்ணீர்க் கணக்குக்கு மட்டும்.
நாற்பது மைல் கிழக்கிலிருந்து டாங்கி வண்டியில் வரும்,
எஞ்சினுக்குப் போக மிஞ்சியது மனிதருக்கு.
"ரெஃபூஹியோ அர்விசு, இரண்டு பீப்பாய்.
ஒன்று திரும்பி வரவில்லை."
அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும்.

அந்தப் பீப்பாய் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.
பாதிப் பீப்பாய், கிண்ணம்போல் அறுத்தது,
சவுக்குபோல் இலை மெலிந்த அந்த டாமரிஸ்க் மரத்தடியில்
இரும்பு வளையம் மட்டும் மிச்சமாய்க் கிடக்கிறது.
பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர்
எல்லாம் அதற்குள் ஊற்றியிருக்கிறாள் யாரோ ஒருத்தி.
யூலாலியா என்று பதிவேட்டில் ஒரே இடத்தில் இருக்கிறது:
"யூலாலியா அர்விசு, தண்ணீர் கூடுதல், காய்ச்சல்."

பிறகு டீசல் வந்தது.
டீசலுக்குத் தாகமில்லை.
தொட்டியைக் கழற்றினார்கள். தபாலை நிறுத்தினார்கள்.
பள்ளிக்கூடம் ஒரு சரக்குப் பெட்டி; அதன் சக்கரத்துக்கு
எண்ணெய் போட்டுக் கோத்துக்கொண்டு போனார்கள்.
கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றிருக்கலாம்.
அப்படி ஒன்றும் பதிவேட்டில் இல்லை, நானாகச் சொல்கிறேன்.

பாதைக்கு வடக்கே முப்பது எட்டு.
கல் அடுக்கிய மூன்று குறுகிய மேடுகள்,
முழ நீளத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.
தலைமாட்டில் பழைய ஸ்லீப்பர் துண்டு, நட்டமாய்.
ஸ்லீப்பர் போட்ட வருஷம் தெரிவதற்காக
கம்பெனி ஓர் ஆணி அடிக்கும்,
தலையில் இரண்டு இலக்கம் பொறித்த ஆணி,
எந்தக் கட்டை எப்போது மக்கும் என்று கணக்குப் பார்க்க.
மூன்றிலும் அந்த ஆணி.
இருபத்தேழு. இருபத்தேழு. முப்பது.

எழுதத் தெரியாதவன் கைக்குக் கிடைத்த எழுத்து.

மேற்கிலிருந்து கன்டெய்னர் வண்டி வந்தது,
நூற்றைம்பது பெட்டி, வேகம் குறைக்கவில்லை.
கூழாங்கற்கள் நடுங்கின.
லெவி தொப்பியைக் கழற்றிக்கொண்டு
வேறெங்கோ பார்த்தபடி நின்றான்.

கம்பெனிப் பொருள் எதுவும் பாதைக்கு வெளியே
கண்ணில் பட்டால் படிவத்தில் குறிக்க வேண்டும்.
ஆணி, மூன்று.
விளக்கைச் சோதித்தேன். பச்சை சரி, சிவப்பு சரி.
மற்றவை என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.